படம் பார்த்துக் கருத்துச் சொல்வதும் கேட்டுக்கொள்வதும்: எங்கள் ஞாயிறு நடைக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வட சென்னையின் காசிமேடு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, சில வாரம் எண்ணூர் வரை கேமராவும் போனுமாகச் சுற்றுவோம். வெயில் ஏறியதும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் எடுத்ததை மற்றவர் பார்ப்போம். இதில் யாருக்கும் போட்டோ பிழைப்பு கிடையாது. ஐடி கம்பெனி, மளிகைக் கடை, கல்லூரி, ரயில்வே வேலை என்று வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கிறவர்கள். நடக்கும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் எல்லாம் வருகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எழுதி வைத்துவிட்டால் டீ ஆறுவதற்குள் படம் பார்க்கலாமே என்றுதான் இது.

படத்தைக் கையில் கொடுத்ததும் முதலில் என்ன சொல்வது?

கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். நல்லா இருக்கு, நல்லா இல்ல என்பதெல்லாம் அப்புறம். கண் முதலில் எங்கே போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது, எந்த இடத்தில் படத்தை விட்டு வெளியே வந்தது என்று சொன்னால் போதும். எடுத்தவருக்குத் தன் படத்தில் தெரியவே தெரியாத விஷயம் இதுதான். அவர் அங்கே நின்றிருந்தார், சத்தம் கேட்டார், வாசனை பிடித்தார். நமக்குக் கிடைப்பது ஒரு ஃப்ரேம் மட்டும்.

காசிமேட்டு மீன் ஏலத்தில் எடுத்த ஒரு படத்தைச் சொல்கிறேன். நடுவில் ஒரு அம்மா, வஞ்சிரத்தை வால் பக்கம் பிடித்துத் தூக்கி விலை சொல்கிறார். எதிரே நிற்கிறவர் விரலை மடக்கிக் கணக்குப் போடுகிறார். அருமையான நேரம் பார்த்து அமுக்கியிருக்கிறார் நம் ஆள். ஆனால் இடது கீழ் மூலையில் ஒரு வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டி, அதன் மேல் நேராக விளக்கு வெளிச்சம். பார்த்த அத்தனை பேருக்கும் கண் முதலில் பெட்டிக்குத்தான் போனது. எடுத்தவருக்கு அங்கே பெட்டி இருந்ததே நினைவில்லை. "காம்போசிஷன் சரியில்ல" என்று சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார். "என் கண்ணு ஃபர்ஸ்ட் பெட்டிக்குப் போச்சு ண்ணா" என்று கல்லூரிப் பையன் ஒருவன் சொன்னதும், போனை வாங்கி அந்த மூலையைக் கட்டை விரலால் மறைத்துப் பார்த்தார். அதற்கு மேல் யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெளிச்சமான இடம், மனித முகம், எழுத்து ஆகிய மூன்றுக்கும் கண் தானாக ஓடும். நம் தெருக்களில் எழுத்துக்கா பஞ்சம்? கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதணி விழா பேனர், கட்சிச் சுவர் என்று எங்கே திரும்பினாலும் எழுத்தும் முகமும்தான். பேனருக்கு முன்னால் ஒரு தாத்தாவை நிறுத்தி எடுத்தால் பார்க்கிறவர் பேனரைப் படித்து முடித்த பிறகுதான் தாத்தாவுக்கு வருவார். அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம். "நான் பேனரைத்தான் முதல்ல படிச்சேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பேனர் வேண்டும் என்றே வைத்தாரா, தெரியாமல் வந்ததா என்று அவர் சொல்லட்டும்.

அப்போ 'சூப்பர்' சொல்லவே கூடாதா?

தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே ஒரு 'ஏன்னா' சேர்த்துக்கொள்ளுங்கள். பாராட்டில் விவரம் இல்லை என்றால் எடுத்தவருக்கு எதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாது. கேரம் போர்டில் பவுடர் தூசி வெளிச்சத்தில் மிதந்த ஒரு படத்துக்கு ஆளாளுக்கு 'செம', 'வெறித்தனம்' என்றோம். அடுத்த வாரம் அதே படத்தை எடிட் பண்ணிக் கொண்டுவந்தார், தூசியைச் சுத்தமாகத் துடைத்திருந்தார். அந்தத் தூசிக்காகத்தான் செம என்றோம் என்று யாராவது வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

குறையைச் சொல்ல வாய் வரவில்லை. மனசு கஷ்டப்படுமே?

கஷ்டம் எதைச் சொல்கிறோம் என்பதில் பாதி, எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதில் மீதி. ஒரு குறையைப் பார்த்ததும் உங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளுங்கள்: இதை வீட்டில் உட்கார்ந்து சரிசெய்ய முடியுமா, அடுத்த முறை போகும்போது சரிசெய்ய முடியுமா, அல்லது ஒன்றுமே செய்ய முடியாதா?

கடல் கோணலாக இருக்கிறது, ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது, நிழல் ரொம்ப இருட்டு. இதெல்லாம் போனிலேயே நிமிட வேலை. தயங்காமல் சொல்லிவிடலாம், யாரும் வருத்தப்படுவதில்லை.

ஆள் நகர்ந்து மங்கலாகிவிட்டார் என்பது இரண்டாவது வகை. இங்கே 'ப்ளர்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எதனால் என்று சேர்ந்து பாருங்கள். படம் முழுக்க, சுவரும் தரையும் உட்பட, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் மங்கலாக இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஏலத்தில் வீசும் கைக்கு 1/60 நொடி பத்தாது, 1/250க்கு மேலே போக வேண்டும். விடிவதற்கு முன் அந்த வேகம் வேண்டும் என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறனை, 3200, 6400 என்று ஏற்றத்தான் வேண்டும், புள்ளி புள்ளியாகத்தான் வரும். முன்னால் நிற்கிறவர் மங்கலாகி, பின்னால் இருக்கும் படகு தெளிவாக இருந்தால் ஃபோக்கஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றையும் ஒரே வார்த்தையில் ப்ளர் என்கிறோம், மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

மூன்றாவது வகையில் ரொம்பப் பேச வேண்டாம். அந்த அம்மா அந்த நேரத்தில் கண்ணை மூடிவிட்டார் என்றால் மூடிவிட்டார். எடுத்தவருக்கே அது தெரியும், நீங்கள் வேறு சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

எனக்கு ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர் எதுவும் தெரியாது. நான் என்ன கருத்துச் சொல்வது?

நீங்கள் சொல்வதுதான் எங்களுக்கு அதிகம் பயன்படுகிறது. தெரிந்தவர்கள் படத்தைப் பார்க்காமல் லென்ஸைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம்.

செல்போனில் எடுத்த படத்தையும் கேமராப் படத்தையும் ஒரே மாதிரி பார்ப்பீர்களா?

ஒரே மாதிரிதான். "நல்ல கேமரா வாங்குங்க" என்பது எங்கள் பெஞ்சில் கருத்தாகச் செல்லாது. ஆனால் போனுக்கே உரிய சில வேலைகள் உண்டு, அவற்றைத் தெரிந்து சொன்னால் நல்லது.

போனின் சாதாரண லென்ஸே சுமார் 24 முதல் 26 மில்லிமீட்டர் அகலப் பார்வை. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும். இன்னும் அகலமான 0.5 லென்ஸில் குழுப் படம் எடுத்தால் ஓரத்தில் நிற்கிறவர் பக்கவாட்டில் இழுபடுவார். ஓரத்தில் நின்ற அத்தைக்கு இது தெரியாது, தான் குண்டாகிவிட்டதாக நினைப்பார். நன்றாகப் பின்னால் தள்ளிப் போய் 2எக்ஸ் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

நைட் மோட் பல ஃப்ரேம்களைச் சேர்த்து ஒரு படமாக்குகிறது. கட்டடத்துக்குப் பிரமாதமாக வரும், நடக்கிற ஆளுக்கு இரண்டு கால் நாலாகும். போன் தானாகவே நிழலைத் தூக்கி, வானத்தை இறக்கிக் கொடுக்கும் எச்டிஆர் இன்னொன்று. விடியலின் இருட்டு வேண்டும் என்று எடுத்தவருக்குப் பட்டப்பகல் மாதிரி வந்திருந்தால் அது அவர் தப்பில்லை. திரையைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்து எடுக்கலாம் என்று காட்டிக்கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து 'ஷார்ப்பா இல்ல' என்று சொல்லலாமா?

கூடாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. டாகுமென்ட்டாக அனுப்பினால் முழுப் படமும் வரும். வெயிலில் நின்று போன் திரையைப் பார்த்து 'டார்க்கா இருக்கு' என்று சொல்வதும் இதே கணக்குத்தான். நிழலுக்கு வாருங்கள், திரை வெளிச்சத்தை ஏற்றுங்கள், அப்புறம் பேசலாம்.

மூன்றில் ஒரு பங்கு விதியை எல்லாரும் சொல்கிறார்களே, அதை வைத்துக் கருத்துச் சொல்லலாமா?

படத்தை நீளத்திலும் அகலத்திலும் மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோட்டில் வைப்பதுதான் அந்த விதி. சொல்லலாம், ஆனால் விதியின் பெயரைச் சொல்லாமல் சொல்லிப் பாருங்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றால் அந்த விதி அங்கே தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் பிடிப்பவர் ஒருவரின் படம். ஆளைச் சரியாக மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைத்திருந்தார். விதிப்படி நூற்றுக்கு நூறு. ஆனால் பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி அவர் தலையிலிருந்து முளைத்த மாதிரி நின்றது. ஓர் அடி இடது பக்கம் நகர்ந்திருந்தால் ஆளும் புகைபோக்கியும் தனித்தனியாக நின்றிருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஆறு தெரிந்திருக்கும். படம் எதைப் பற்றியதோ அது அந்த இடைவெளியில்தான் இருந்தது. இதைச் சொல்ல எந்த விதியும் வேண்டாம், 'அவரு தலைல என்ன இருக்கு பாருங்க' என்றால் முடிந்தது.

வட சென்னை என்றாலே கறுப்பு வெள்ளை, குப்பை, சுருக்கம் விழுந்த முகம் என்று வருகிறது. இதை எப்படி எடுத்துச் சொல்வது?

நிறைய பேர் கேட்பது இதைத்தான். எனக்கும் இதில் கொஞ்சம் கோபம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது வட சென்னைக்கு வெளியே இருந்து, ஒருநாள் நடைக்கு வருகிறவர்கள் பலர் ஒரு படத்தை மனதில் எடுத்துக்கொண்டேதான் வருகிறார்கள். காசிமேட்டில் ஒரு தாத்தா முகம், கிளாரிட்டி ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளி ஒவ்வொரு சுருக்கத்தையும் கோடாக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, கீழே 'வாழ்க்கை' என்று எழுதிவிட்டால் முடிந்தது. அந்தத் தாத்தா அன்றைக்குப் பேரன் ஃபுட்பால் மேட்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் என்பது படத்தில் இல்லை. உள்ளூர்ப் பையன்களும் கொஞ்ச நாளில் இதையே கற்றுக்கொள்கிறார்கள். லைக் வருகிறதே.

இதைச் சொல்லும்போது 'ஏழ்மையைக் காட்டாதே' என்று சொல்லிவிடாதீர்கள், அது வேறு விபரீதத்தில் முடியும். கொடுங்கையூர்க் குப்பை மேட்டுப் புகையை எடுக்கத்தான் வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. வாளியால் எண்ணெயை அள்ளியவர்களின் படங்கள் இல்லாமல் இருந்திருந்தால் பாதிப் பேருக்கு நடந்ததே தெரிந்திருக்காது. அழுக்கு இருக்கும் இடத்தில் அழுக்கை எடுப்பதில் தவறே இல்லை.

நான் கேட்பது வேறு. இந்தப் படத்தைப் பார்த்தால் இந்த ஆளைப் பற்றி எனக்கு என்ன தெரிகிறது? என்ன வேலை செய்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், யாரோடு இருக்கிறார், எதைப் பார்க்கிறார்? எண்ணெய் அள்ளிய படத்தில் இதெல்லாம் தெரிந்தது. சுருக்கம் விழுந்த முகத்தில் வயது மட்டும்தான் தெரிகிறது. எடுத்தவரிடம் "இவரு யாரு?" என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தால் அடுத்த படம் தானாக மாறிவிடும். தெரியாவிட்டால், அடுத்த ஞாயிறு போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு எடுத்து வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எதை எடுக்கவில்லை என்று கேட்பதும் கருத்துத்தான். வியாசர்பாடியில் சாயங்காலமானால் மைதானத்தில் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள், சந்துக்குச் சந்து கேரம் போர்டு கிடக்கிறது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் ஜெயித்த காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். காலேஜ் போகிறவர்கள், மெட்ரோவில் ஆபீஸ் போகிறவர்கள், ராத்திரி அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் தட்டோடு நிற்கிறவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் உங்கள் ஆல்பத்தில்?

தோல் நிறத்தை ஏற்றி எடிட் பண்ணியிருந்தால் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். "அவங்க நிறம் இதுதானா?" என்ற ஒரு கேள்வி போதும்.

வேண்டுமென்றே வெளுக்கிறவர்கள் குறைவு. பல போன்களில் பியூட்டி மோட் யாரும் கேட்காமலே இயங்குகிறது, நெற்றியும் கன்னமும் மாவு பூசினது மாதிரி வழுவழுவென்று வரும். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. கேமரா தான் பார்ப்பதையெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெளுத்த வானத்துக்கு முன்னால் கறுத்த முகம் நின்றால், கேமரா வானத்தைக் கணக்கில் எடுத்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும், முகத்தில் கண் மூக்கே தெரியாது. அப்படி வந்த படத்தைச் சரிசெய்யப் போய்த்தான் நிறத்தைக் கெடுக்கிறோம். எடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, ஏற்றி எடுத்தால், அல்லது அவரை வானத்தை விட்டுப் பச்சையோ நீலமோ அடித்த சுவர்ப் பக்கம் திருப்பினால், கறுப்பு கறுப்பாகவே பளபளவென்று வரும்.

படத்தில் இருப்பவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டுமா?

அதைவிட நல்ல கருத்து உங்களுக்கு எங்கேயும் கிடைக்காது. நம் பெஞ்சில் ஃப்ரேம், டோன் என்று கால் மணி நேரம் பேசி மெச்சிய படம் ஒன்றை அந்த மீன்கார அக்காவிடம் காட்டியபோது, ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னாபா இது, மீனுதான் ஷோக்கா கீது, நான் எங்க கீறேன்?" என்று கேட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். மீன் கண்ணுக்கு ஃபோக்கஸ் விழுந்து அக்கா முகம் பின்னால் மங்கலாகியிருந்தது. நாங்கள் அதை அழகு என்று பேசிக்கொண்டிருந்தோம்.

முடிந்தால் 4க்கு 6 அங்குலத்தில் பிரின்ட் போட்டு அடுத்த வாரம் கையில் கொடுங்கள். வாங்கிக்கொண்டு எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். கல்லாப் பெட்டி மூடியில் சொருகினால் ஒரு கருத்து, மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்தால் ஒரு கருத்து, "வேற இல்லியா?" என்று கேட்டால் அது தெளிவான கருத்து. அழிக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். அதற்கு மேல் அங்கே கலை பேச எதுவும் இல்லை.

என் படத்தைக் கழுவி ஊற்றிவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில், விளக்கம் கொடுக்காதீர்கள். 'அங்க கூட்டம் ஜாஸ்தி', 'போலீஸ்காரர் விரட்டினார்', 'லென்ஸ் மாத்த நேரமில்ல' எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் அது எதுவும் படத்தில் இல்லை. நீங்கள் பேச ஆரம்பித்ததும் எதிரே இருப்பவர் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நஷ்டம் உங்களுக்குத்தான்.

சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னால் அது அவர் ரசனையாக இருக்கலாம். தனித்தனியாக மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் வைத்தியம் சரியாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. 'வலது பக்கம் வெட்டிடு' என்று மூன்று பேரும் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் தொந்தரவு செய்கிறது என்பது வரைக்கும் உண்மை. வெட்டலாம், இருட்டாக்கலாம், அல்லது அந்த வலது பக்கம்தான் உங்கள் படம், இடது பக்கம்தான் வேண்டாத பாரம் என்றும் இருக்கலாம்.

ராத்திரியே எதையும் அழிக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

'எப்படி இருக்கு?' என்று கேட்டால் யாரும் உருப்படியாகப் பதில் சொல்வதில்லையே?

அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான், சாப்பாட்டுக்கும் அதே பதில்தான். கேள்வியைச் சின்னதாக்குங்கள். ஒரே காட்சியில் எடுத்த இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எதுல கண்ணு நிக்குது?" என்று கேளுங்கள். "இந்தச் சைக்கிள் வேணுமா, வேணாமா?" என்று கேளுங்கள். கேட்டவுடன் பதில் வரும், சண்டையும் வரும், இரண்டும் நல்லது.

நாற்பது படத்தைக் காட்டாதீர்கள். அதில் எது வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் வேலை, அதை எங்கள் தலையில் கட்டாதீர்கள். நாலைந்து போதும். பழைய ஃபிலிம் ஆசாமிகளுக்கு 36 படத்தோடு ரோல் தீர்ந்துவிடும், அதனால் அமுக்குவதற்கு முன்பே பாதித் தேர்வு முடிந்துவிடும். நமக்கு எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

ஒருவர் நல்லா இருக்கு என்கிறார், இன்னொருவர் வேஸ்ட் என்கிறார். யாரை நம்புவது?

காசிமேட்டில் இது வாராவாரம் நடக்கும். நமக்குக் கடல் கிழக்கே. விடியலில் கடலைப் பார்த்து எடுத்தால் சூரியன் எதிரே, படகும் ஆளும் கறுப்பு நிழலுருவமாக வரும். ஒருவர் 'மூஞ்சியே தெரியல' என்பார், இன்னொருவர் 'அதான் அழகே' என்பார். இரண்டு பேரும் பார்த்தது ஒன்றுதான். கேள்வி உங்களுக்கு: உங்களுக்கு வேண்டியது உருவமா, முகமா?

உருவம் வேண்டும் என்றால் முதல் ஆள் சொன்னதை விட்டுவிட்டு, உருவம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். கையும் உடம்பும் ஒட்டிக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிட்டதா, வலை வீசும் கை தனியாகத் தெரிகிறதா? முகம் வேண்டும் என்றால் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். சூரியன் எழுந்து அரை மணி நேரத்துக்குக் கரையில் நிற்கிறவர்கள் முகத்தில் நேரான மஞ்சள் வெளிச்சம் விழும். ஜூனில் 5.45க்கெல்லாம் உதயம், ஜனவரியில் 6.30 தாண்டிவிடும், அதற்கேற்ப அலாரம் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவதையும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதையும் நிதானமாக எடுக்க அந்த இரண்டு மாதம்தான் சரி.

சீனியர் ஒருவர் சொல்வதை மறுத்துப் பேசலாமா?

பேசலாம். "சார், நீங்க சொல்றது புரியுது, நான் வேற ஒண்ணு நினைச்சு எடுத்தேன்" என்றால் யாருக்கும் மரியாதை குறையாது. ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் எங்களோடு வருகிறார். முகத்தில் நிழல் விழுந்தால் அவருக்குத் தாங்காது. கல்யாண ஆல்பத்துக்கு அது சரி. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று கண்ணில் தெரியும் பளபளப்பை வைத்தே அவர் சொல்லிவிடுவார். அந்தக் கலையை அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், நிழலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் படத்தை நானே கிராப் செய்து, கலர் மாற்றிக் காட்டலாமா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் செய்தால் அது எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அவருக்குக் கசக்கும்.

பெண்களுக்கு வரும் கருத்துகள் பற்றி?

படத்தைப் பற்றிப் பேசுங்கள். 'நீங்க தனியா அங்கெல்லாம் போனீங்களா', 'பொண்ணுங்க எடுத்ததுன்னு பாத்தாலே தெரியுது' என்பதெல்லாம் படத்தைப் பற்றிய பேச்சு இல்லை. கேட்காமல் தனியாக மெசேஜ் அனுப்பி வகுப்பு எடுப்பதும் வேண்டாம். பெஞ்சில் எல்லார் முன்னாலும் சொல்ல முடியாத கருத்தைத் தனியாகவும் சொல்லாதீர்கள். இதை மீறினால் அடுத்த ஞாயிறு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவோம், சொல்லியும் இருக்கிறோம்.

சின்னப் பிள்ளைகள் எடுத்த படத்துக்கு என்ன சொல்வது?

'இதுல என்ன நடக்குது?' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். திருத்த வேண்டாம். அவர்கள் கேமரா நம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து தெரு வேறு மாதிரித் தெரிகிறது. நாம் குனியச் சோம்பல்பட்டு விட்ட கோணமெல்லாம் அவர்களிடம் இருக்கும்.

சொல்ல ஒன்றுமே தோன்றாத படம் வந்தால்?

அதையே சொல்லிவிடுங்கள்: "எனக்கு இதுல கண்ணு நிக்கல." வலுக்கட்டாயமாக ஒரு பாராட்டோ குறையோ தேடிச் சொன்னால், எடுத்தவர் அதை நம்பி ஒரு வாரம் உழைப்பார்.

ஒரே ஆள் வாராவாரம் ஒரே மாதிரிப் படத்தையே கொண்டுவந்தால்?

ராயபுரம் ரயில் நிலையத்துத் தூண்கள்தான் எங்களிடம் இப்படி மாட்டிக்கொண்டவை. 1856-ல் திறந்த நிலையம், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம், தூணும் முகப்பும் எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் கம்பீரமாகத்தான் வரும். அதுதான் சிக்கலே. கட்டடம் செய்த வேலையை எடுத்தவர் செய்த வேலையாக நினைத்து, நாமும் பாராட்டிக்கொண்டே இருக்கிறோம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது நல்ல பழக்கம், அதைக் குறை சொல்லிவிடாதீர்கள். போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்து, இந்த வாரம் புதிதாக என்ன பார்த்தீர்கள் என்று அவரையே கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள். எங்கள் ஆளுக்குக் கொடுத்தது இது: இரண்டு ரயிலுக்கு நடுவில், பிளாட்பாரம் காலியாக இருக்கும்போது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று தூண் ஒன்றுகூட வராமல் எடுத்து வரவும்.